நூற்றைம்பத்திரண்டு

மோதரைப் படகுத்துறையில், பின்னேரம் நாலரைக்கு
என் மீற்றர் சொன்ன எண் இது.
இருநூற்றி முப்பது நிற்கவேண்டிய இடத்தில்.

படகின் பெயர் சிந்தாத்திரை.
சமையல் மூலையில் ஒற்றைக் குமிழ்
அரை அவியல் முட்டைக் கரு நிறத்தில்
பேருக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஆறு குமிழ் மாத்திப் பாத்தாச்சு, தங்கச்சி.
டீசல் ஃபில்டரும் புதுசு"
என்றார் சம்மாட்டி டொமிங்கு.
"போன கிழமை சுவாமியாரும் வந்து தீர்த்தம் தெளிச்சவர்."
"எதில?"
"ஜெனரேற்றரிலதான்."

மூடியைக் கழற்றினேன். உள்ளே வெள்ளையாய் உப்பு.
தீர்த்தத்து உப்பா, கடலுப்பா?
உப்பிடம் ஊர் கேட்க முடியாது.

முதலில் வேகம்.
சுமை எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தால்
ஹேர்ட்ஸ் ஐம்பத்தொன்று.
எஞ்சின் சரியாகத்தான் சுற்றுகிறது.
பிறகு வயர்.
பலகையில் என்ன எண்ணோ
பிறக்கிற இடத்திலும் அதே எண்.
நடுவழியில் எடுக்கிற கை ஏதுமில்லை.
குறைந்தேதான் பிறக்கிறது.

மிஞ்சியது கப்பாசிற்றர்.
எஞ்சினை நிறுத்தினாலும் நிறுத்தாத சாமான்,
உள்ளுக்குள் வைத்துக்கொண்டே இருக்கும்.
அதன் இரண்டு காலையும் ஒரு குமிழோடு சேர்த்தேன்.
ஒரு பளிச். அவ்வளவுதான், அடங்கியது.
மேலே அச்சடித்திருந்தது முப்பது.
அளந்தால் பதினேழு.

பஞ்சிகாவத்தைக்கு ஆட்டோவில் போய்வர
ஒன்றரை மணித்தியாலம்.
மூன்றாவது கடையில் றிஸ்லான் நானா
"ஹஸ்பண்ட் வரேல்லையா, சாமான் பேர் சரியாத் தெரியுமா?"
என்று கேட்டு முடித்துத்தான் பெட்டியைத் திறந்தார்.
முப்பது மைக்ரோ, நானூற்றைம்பது வோல்ற்.
அவர் மேசையிலேயே வைத்து அளந்தேன்.
பிறகு காசு.

பூட்டும்போது இருட்டிவிட்டது.
இருநூற்றி முப்பத்திரண்டு!
டொமிங்கு சிலுவை போட்டுக்கொண்டார்.
பொறுங்கள் என்று
ஐஸ் மோட்டரைப் போடச் சொன்னேன்.
போட்டதும்
குமிழ் பழைய முகத்துக்குத் திரும்பியது.
நூற்றெண்பத்தெட்டு. ஹேர்ட்ஸ் நாற்பத்தைந்து.
இந்த முறை எஞ்சின்தான்.

ரோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
கவர்னரைத் தடவினேன்.
ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில்
தங்கூசி.
எட்டுச் சுற்று. ஒரு முடிச்சு.
நான் எங்கும் கண்டிராத முடிச்சு.

"ஆர் கட்டினது இது?"

வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து
கிறகோரி என்றொருவர் எழும்பினார்.
மூன்று மணித்தியாலமாக அங்கேதான் இருந்திருக்கிறார்.
"பன்னிரண்டாம் நாள் இரவு ஸ்பிரிங் அறுந்தது.
கீழ ஆயிரத்து நூறு கிலோ மீன். ஐஸ் கரையுது.
வேற என்ன செய்ய?"

இப்படிக் கட்டுகிறவர்களை ஏச
என்னிடம் எப்போதும் ஒரு வசனம் இருக்கும்.
அன்றைக்கு அது வாய்வரை வந்து நின்றது.
ஏழு நாள்
இந்த முடிச்சில் தொங்கிக்கொண்டு
ஒரு படகும் ஐந்து பேரும் வந்திருக்கிறார்கள்.

கத்தியை எடுத்தேன்.
"வெட்டாதேங்கோ."
குனிந்து, பார்க்காமலே ஒரு இழுப்பு.
எட்டுச் சுற்றும் ஒன்றாய் விட்டன.
நூலை விரலில் சுற்றி
சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

என் டப்பாவில் தேடியதில்
மூன்றாவது ஸ்பிரிங் பொருந்தியது.
ஐஸ் மோட்டரோடு சேர்த்து இருநூற்றி இருபத்தாறு.
"நாலு குறையுதே" என்றார் டொமிங்கு.
கூலியில் ஐந்நூறு குறைத்துத் தந்தார்.

பஸ்ஸில்
பழைய கப்பாசிற்றர் மடியில் கிடக்கிறது.
இரண்டு காலையும் முறுக்கி வைத்திருக்கிறேன்,
பழுதென்றாலும் அதை நம்ப முடியாது.
தூரத்தில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள்
ஒரு வோல்ற்றும் குறையாமல் எரிகின்றன.

கைப்பை வாரில்
அந்த முடிச்சைப் போட்டுப் பார்த்தேன்.
எட்டுச் சுற்று, பிறகு உள்ளால், பிறகு
எந்தப் பக்கம்?
கொட்டாஞ்சேனை வந்துவிட்டது.
முடிச்சு வரவில்லை.